அன்று இருட்டுக்குப் பயந்து, இன்று பில்லுக்குப் பயந்து

தஞ்சாவூர் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டு மாடிப்படிக்கு அடியில் 2012-ல் நான்கு டியூபுலர் பேட்டரிகள் வரிசையாக இருந்தன. சித்தப்பா அவ்வப்போது மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். அந்த மூலையில் எப்போதும் ஆசிட் வாடை. மாடியில் இருந்த சோலார் பேனல்கள் பகலெல்லாம் அந்த பேட்டரிகளை நிரப்பும். இரவில் இரண்டு டியூப் லைட்டும் இரண்டு ஃபேனும் ஓடும். அவ்வளவுதான். ஆனால் அந்த வெளிச்சத்தை நம்பி, பிளஸ் டூ படித்த தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் புத்தகத்தோடு திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

அந்த வருடத்தை அனுபவித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு என்றால், மற்ற மாவட்டங்களில் அது 10 மணி நேரத்தைத் தாண்டியது. மாவு அரைக்க முடியாது, மோட்டார் போட முடியாது, கைக்குழந்தை தூங்காது. சோலார் விற்பவரிடம் அன்று எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "கரண்ட் போனா எத்தனை மணி நேரம் தாங்கும்?"

விலையைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். பேட்டரியோடு சேர்த்து ஒரு கிலோவாட்டுக்கே லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். 2012 அக்டோபரில் தமிழக அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. மத்திய அரசின் 30 சதவீத மானியத்தோடு மாநிலமும் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் தருவதாகப் பிறகு சொன்னது. அப்படியும் வாங்கியவர்கள் டாக்டர், வக்கீல், பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் குடும்பம் என்று கையில் காசுள்ளவர்கள்தான். சித்தப்பாவே வைப்புத்தொகையை முறித்துத்தான் வாங்கினார். ஏழை வீட்டுக்குச் சோலார் போனது அரசின் பசுமை வீடு திட்டத்தில். 300 சதுர அடி வீடு, சூரிய ஒளியில் எரியும் 5 விளக்குகள்.

2013-க்குப் பிறகு கூடங்குளம் முதல் அணு உலையும் புதிய அனல்மின் நிலையங்களும் ஓடத் தொடங்க, மின்வெட்டு படிப்படியாகக் குறைந்தது. சித்தப்பாவின் பேட்டரிகள் ஐந்தாம் வருடம் படுத்துவிட்டன. அவர் புதிதாக வாங்கவில்லை. வாங்க என்ன தேவை இருந்தது?

அவருடைய மகள், என் தங்கை, இப்போது திருச்சியில் இருக்கிறாள். அவள் மொட்டை மாடியில் 540 வாட் பேனல்கள் ஆறு. பேட்டரி கிடையாது. பேனல் தரும் மின்சாரத்தில் வீட்டுக்குப் போக மிச்சம் நெட் மீட்டர் வழியாகக் கம்பிக்குப் போய் வரவில் சேர்கிறது. போன மாதம் போயிருந்தபோது போனை நீட்டினாள். "பாருண்ணே, மத்தியானத்துக்குள்ள ஒம்பது யூனிட்."

அவளைச் சோலார் பக்கம் தள்ளியது இருட்டு அல்ல, பில். 2022 செப்டம்பர் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 600 யூனிட் என்றால் 2,750. 2024 ஜூலையில் விகிதம் இன்னும் ஏறியது. இரண்டு ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, சார்ஜில் நிற்கும் மின்சார ஸ்கூட்டர் என்று ஓடும் நடுத்தரக் குடும்பம் 500-ஐ எளிதாகத் தாண்டிவிடுகிறது. 3 கிலோவாட் பேனலோ இரண்டு மாதத்தில் சுமார் 700 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம். பிணையில்லாத வங்கிக் கடனும் உண்டு.

அதனால் கேள்வியே மாறிவிட்டது. "எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்?" கேட்பவர்களும் மாறிவிட்டார்கள். ஓய்வூதியக்காரர், ஆசிரியை, மளிகைக் கடைக்காரர். பேச்சில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். "வடாம் எங்க காயப் போடுறது?" என்று தங்கை கேட்டதால்தான் பேனல் ஸ்ட்ரக்சரை எட்டடி உயரத்துக்குத் தூக்கி வைத்தார்கள்.

ஒன்றை மட்டும் அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நல்ல வெயிலில் ஒருநாள் கரண்ட் போனது. கூடவே சோலாரும் நின்றது. கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மேல் மின்சாரம் பாயாதிருக்க, இந்த வகை இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். எதற்காக அப்பா வாங்கினாரோ, அதை மகளின் சோலார் செய்வதில்லை. விற்பவர்கள் இதை வாயால் சொல்லியாக வேண்டும். பழைய நினைப்போடு வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சோலார் இன்னும் எட்டாதவர்களும் இருக்கிறார்கள். 200 யூனிட்டுக்குள் வாழும் குடும்பத்துக்கு 2022 கணக்கில் பில் 225 ரூபாய்தான். அவர்களுக்குப் பேனல் லாபமில்லை. ஆனால் அதிக பில் கட்டியும் சொந்தக் கூரை இல்லாத வாடகைக்காரர்கள், அடுக்குமாடிக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஓரிடத்தில் பொதுவாகப் பேனல் போட்டு, யூனிட்டைப் பங்குதாரர்களின் பில்லில் வரவு வைக்கலாம். டெல்லியில் 2019-லேயே இதற்கு விதி வகுத்தார்கள். இங்கும் வாடகைக்காரர் வரை அது வந்து சேர வேண்டும்.

அன்று சித்தப்பாவின் பேனல் தெருப் பிள்ளைகளுக்கும் வெளிச்சம் தந்தது. இன்றும் தங்கை வீட்டு மிச்ச மின்சாரம் கம்பி வழியே பக்கத்து வீட்டு ஃபேனைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மின்சாரம் பகிர்ந்தாகிவிட்டது. அதன் பலனையும் பகிரும்படி கணக்கை எழுத வேண்டியதுதான் பாக்கி.