வீட்டில் ஒரு விமானம் – 7: சக்கரம் எங்கே நிற்க வேண்டும்?

நார்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குக் குடிநீர் தருவது யோன்ஸ்வாட்னெட் ஏரி. 1940 ஏப்ரலில் நகரத்தைப் பிடித்த ஜெர்மானியர், உறைந்து கிடந்த அந்த ஏரியையே ஓடுதளமாக்கிக்கொண்டார்கள். யுங்கர்ஸ் 52 போன்ற கனத்த விமானங்கள் பனிக்கட்டிமேல் வந்து இறங்கின. பனி இளகியபோது சில விமானங்கள் ஏரிக்குள் போய்விட்டன.

யுங்கர்ஸுக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு சின்னச் சக்கரம். 1958-ல் எச்.ஏ.எல். பறக்கவிட்ட நம் புஷ்பக்குக்கும் இதே அமைப்புதான். மேடுபள்ளத் தரைக்கு இது தோதானது. விசிறி உயர்ந்து நிற்கும்; குழியில் மாட்டி ஒடிய மூக்குச் சக்கரம் கிடையாது; எடையும் மிச்சம். வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் இதை விரும்புவது நியாயமே.

ஆனால் தரையில் இது தானாக நேரே ஓடாது. ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு சற்றே திரும்பினாலும் பின்னாலிருக்கும் எடை முந்திக்கொண்டு வரப் பார்க்கும். விமானி உடனே காலால் திருத்தாவிட்டால் விமானம் சுழன்று, இறக்கை நுனி தரையில் உரசும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான். இதற்குப் பயந்து சக்கரத்தைப் பின்னால் தள்ளினால், பிரேக் பிடித்ததும் மூக்குக் குப்புற விழும்.

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, ரசமட்டம் வைத்து, பறக்கும் நிலையில் நிறுத்துங்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். அந்த மையத்திலிருந்து சக்கரம் தரை தொடும் புள்ளிக்கு இழுத்த கோடு, தூக்குநூலோடு 16 முதல் 25 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால், சக்கரம் 29 முதல் 47 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும். உங்களுக்குக் கிடைப்பது வெறும் 18 சென்டிமீட்டர் இடம். சென்ற வாரம் பார்த்தபடி, ஆள், பெட்ரோல், மூட்டை ஏறும்போது மையமே நகரும். அது மிகவும் முன்னால் வரும்போதும் கோணம் 16-க்குக் குறையக்கூடாது, மிகவும் பின்னால் போகும்போதும் 25-ஐத் தாண்டக்கூடாது. இரண்டு கணக்கையும் போடாமல் வரைபடத்தை முடிக்காதீர்கள்.

வால் தரையில் இருக்கும்போது உடல் 10 முதல் 15 டிகிரி நிமிர்ந்திருக்கட்டும். வாலைத் தூக்கிய நிலையிலும் விசிறி நுனிக்கும் தரைக்கும் இடையே 23 சென்டிமீட்டராவது வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது சக்கரத்தின் திசையில்தான். இரு சக்கரமும் உள்நோக்கித் திரும்பியிருந்தால், விமானம் வலப்பக்கம் சுழலும்போது எடை முழுவதும் ஏறும் இடச்சக்கரம் அதை மேலும் வலப்பக்கமே இழுக்கும். ஆகவே நேராக வையுங்கள், அல்லது மிகச் சிறிதளவு வெளிநோக்கி. இன்னொரு சூட்சுமமும் உண்டு. பறக்கும் நிலையில் நேராக இருக்கும் சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருந்தால், வால் இறங்கியதும் அது உள்நோக்கித் திரும்பிவிடும். வாலைத் தூக்கியும் இறக்கியும், முழு எடை ஏற்றியும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

தரையில் விமானத்தைத் திருப்பிவிடும் இன்னொன்று குறுக்குக் காற்று. அதற்கு முற்றிலும் வேறொரு விடை கண்டவர் பிரெஞ்சு விமான முன்னோடி லூயி பிளேரியோ. அவருடைய பதினோராம் மாதிரியில் முன் சக்கரங்களே காற்றுக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து திரும்பும்படி ஓர் இணைப்புத் தண்டு, அதிர்ச்சி தாங்க ரப்பர் பட்டைகள். 1914 ஜூலை 30 அன்று நார்வே விமானி டிரிக்வே கிரான் அதே ரக விமானத்தில் ஸ்காட்லாந்திலிருந்து புறப்பட்டு, வட கடலைத் தனியே கடந்து நார்வேயின் யேரன் கடற்கரைப் பகுதியில் இறங்கினார். அந்த விமானம் ஆஸ்லோ தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கக் கிடைத்தால் இறக்கையை விட்டுவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். அவ்வளவு அறிவு அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் திரும்பும் சக்கரம் கூடுதல் எடை, கூடுதல் மூட்டு. முதல் விமானம் கட்டுகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அடுத்த வாரம் வில்லெஃகுக் கால்களும் ரப்பர் பட்டையும். அதுவரை கால்களுக்குப் புள்ளி வெல்டிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடை போட்டு மையத்தை உறுதிசெய்த பிறகே முழு வெல்டிங்.