மூடாக்கு போட்ட மண் ஏன் எளிதில் காய்வதில்லை?

கொல்லைப்புறத்துக் கத்தரிப் பாத்தியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு வைக்கோலோ வாழைச்சருகோ பரப்பி வைப்பதற்கு மூடாக்கு என்று பெயர். மண்துகள்களின் இடுக்குகள் வழியே நீர் தானாக மேலேறும் நுண்புழை ஏற்றம் எங்கும் நிகழ்வதே. அந்நீர் வெறுந்தரையில் வெயிலும் காற்றும் பட்டு ஆவியாகிவிட, மூடிய தரையிலோ சருகுக்கடியில் தேங்கும் ஈரக்காற்று ஆவியாதலை மட்டுப்படுத்துகிறது. வெளிச்சம் எட்டாமையால் களைகளும் குறைகின்றன. சில வாரம் கழித்துக் கிளறினால் அடிச்சருகு கருத்து, வெண்பூஞ்சை இழையோடி, மண்புழு எச்சத்தோடு ஒட்டிக் கிடக்கும்.

அதே வைக்கோலை மண்ணுக்குள் புதைத்தால் பயிருக்குக் கெடுதல்தான்: அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, ஏறத்தாழ 80 பங்கு கரிமம் இருப்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, செடி வெளிறிப்போகிறது. மேலே கிடக்கும்வரை இப்போட்டி மேல்மண்ணோடு நின்றுவிடும். தண்டைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலம் விட்டுப் பரப்ப வேண்டும். இல்லையேல் ஈரம் தங்கி அடித்தண்டு அழுகக்கூடும்.