கிராமக் குப்பையும் தொண்டர் முயற்சியும்

ஊர்ப் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் கொட்டப்படும் குப்பை ஒருவருக்கும் சொந்தமல்லாத இடத்தில் கிடப்பதால், அதை அகற்றுவதும் ஒருவருக்கும் கடமையன்று என்று எண்ணப்பட்டு வருகிறது. இவ்வெண்ணத்தினால் குடியானவர்களுக்கு இருவகை நஷ்டம் உண்டாகின்றது. முதலாவது, ஈயும் கொசுவும் பெருகி வியாதி பரவுதல். இரண்டாவது, நிலத்துக்குச் சேரவேண்டிய எருச்சத்து வெயிலில் காய்ந்தும் மழையில் கரைந்தும் வீணாதல். தொண்டர்கள் சிலர் முன்வந்து ஒரு நாள் முழுவதும் பெருக்கிச் சுத்தம் செய்த ஊர், ஒரு மாதத்துக்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதும் உண்டு. இதன் காரணத்தை ஆராய்வது நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் மிகவும் பிரயோஜனமாகும்.

சிந்தி கிராமத்தின் அனுபவம்

1934-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் காரியதரிசியாக இருந்து அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா ஆவர். சங்கத்தின் தலைமையிடம் வார்தாவிலுள்ள மகன்வாடியாக இருந்தது. 1935-ல் காந்தியடிகள் அங்கே தங்கியிருந்த காலத்தில், வார்தாவை அடுத்த சிந்தி என்னும் கிராமத்தைச் சுத்தம் செய்யும் வேலையை அவரும் அவரைச் சேர்ந்தோரும் மேற்கொண்டனர். அவருடைய காரியதரிசியான ஸ்ரீ மகாதேவ தேசாய், வாளியும் மண்வெட்டியும் எடுத்துச் சென்று தெருவில் கிடந்த மலத்தையும் குப்பையையும் தம் கையாலேயே அள்ளினார். மீராபென் அம்மையார் அக்கிராமத்திலேயே குடியிருந்து தொண்டு செய்தார்.

ஆயினும் ஊரார் உடனே திருந்திவிடவில்லை. தொண்டர்கள் சுத்தம் செய்த இடங்களே மீண்டும் மீண்டும் அசுத்தமாக்கப்பட்டன. படித்தவர்களும் பெரியவர்களும் வந்து பெருக்குவதைக் கண்ட பின்னரும், பெருக்குதல் பிறர் வேலையென்ற எண்ணம் அவ்வூராரை விட்டு நீங்கவில்லை. தொண்டர் துடைப்பம் தெருவைச் சுத்தம் செய்யுமேயன்றி, வழக்கத்தைத் தானாகச் சுத்தம் செய்யாது என்பது இதனால் விளங்கும். காந்தியடிகள் இதனால் மனம் தளரவில்லை. 1936-ல் சேகாம் கிராமத்தில், அதாவது 1940 முதல் சேவாகிராமம் என்று வழங்கும் ஊரில், குடியேறிய பின்னரும் இவ்வேலையை விடவில்லை. 1941-ல் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்திலும் கிராம சுகாதாரத்தை ஓர் அங்கமாக வைத்தார்.

அதே விதர்ப்பப் பிரதேசத்தில், அமராவதி ஜில்லாவில் 1876-ல் பிறந்த காட்கே பாபா வேறொரு வழியைக் கையாண்டார். ஓர் ஊருக்குள் நுழைந்தவுடன் துடைப்பத்தைக் கையிலெடுத்துத் தெருவையும் சாக்கடையையும் தாமே பெருக்குவார். இரவில் கீர்த்தனம் நடத்தி, சுத்தத்தைப்பற்றி ஊராருக்கு அவர்கள் பேச்சிலேயே எடுத்துரைப்பார். பகலில் வேலையும் இரவில் போதனையும் இவ்வாறு சேர்ந்து நடந்தன. அவர் 1956-ல் காலமானார். 2000-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர சர்க்கார் தொடங்கிய கிராமச் சுத்தப் போட்டிக்கு அவருடைய பெயரே இடப்பட்டது.

குப்பைக்கு ஓர் இடம் வேண்டும்

வாரிய குப்பை எங்கே போய்ச் சேரவேண்டுமென்று ஏற்பாடு செய்யாவிட்டால், அது ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவுக்கோ வாய்க்காலுக்கோ மாறுமேயன்றி ஒழியாது. இதற்கு வழி காட்டியது இந்தூர் முறையாகும். இந்தூரிலுள்ள பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் ஸர் ஆல்பர்ட் ஹோவர்டும் ஸ்ரீ யசுவந்த வாத் என்பவரும் ஆராய்ந்து, 1931-ல் இம்முறையைப் புஸ்தகமாக வெளியிட்டார்கள். காந்தியடிகளும் 1935-ல் தம்முடைய ஹரிஜன் பத்திரிகையின் மூலம் இதைப் பரவச் செய்தார்.

இம்முறையில் குழியின் ஆழம் 3 அடிக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் அடியிலுள்ள கூளத்துக்குக் காற்று எட்டாது. சருகு, களை, வைக்கோற்கூளம் முதலியவற்றை ஒரு படையாகப் பரப்பி, அதன்மேல் சாணமும், மாட்டுமூத்திரம் ஊறிய தொழுவ மண்ணும், சாம்பலும் தூவி, தண்ணீர் தெளித்து, படைமேல் படையாக நிரப்ப வேண்டும். குப்பை ஈரமாயிருக்கவேண்டுமே தவிர நீர் தேங்கலாகாது. இரண்டு மூன்று முறை புரட்டிவிட்டால் ஏறக்குறைய 3 மாதத்தில் நல்ல எருவாகும். மக்கும்போது உண்டாகும் சூட்டினால் ஈப்புழுக்களும் களைவிதைகள் பலவும் அழிந்துபோம். வெப்பகாலத்தில் ஈயின் முட்டை சுமார் 10 நாளில் ஈயாகிவிடுமாதலால், புதிய குப்பையை அன்றன்றே மண்ணால் மூடுதல் அவசியம். முற்றும் மக்காத மனித மலத்தை எந்தப் பயிருக்கும், முக்கியமாகக் காய்கறிக்கும் கீரைக்கும், இடலாகாது.

மக்காத குப்பை

சிந்தி கிராமத்தில் தொண்டர் வாரியது பெரும்பாலும் மண்ணில் மக்கக்கூடியதே. இக்காலத்துக் குப்பையோ அப்படிப்பட்டதன்று. பிளாஸ்டிக் பை, கண்ணாடி, பாட்டரி, மருந்துப்புட்டி ஆகியவை எருக்குழியில் சேர்ந்தால் எரு கெடும். பையின் துண்டுகள் வயலில் கிடந்து நீர் இறங்குவதைத் தடுக்கும்; மதகிலும் குழாயிலும் சிக்கிப் பாசனத்தை நிறுத்தும்; மேயும் மாட்டின் வயிற்றில் தங்கி உயிருக்கும் ஆபத்தாகும். 2019-ஆம் வருஷம் ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. தடை இருப்பினும், ஏற்கெனவே மண்ணில் புதைந்ததை எடுப்பது ஊராரின் வேலையே. அதைக் கொளுத்துவது கூடாது, புகை நஞ்சாகும்.

செய்யத்தக்கவை

தொண்டர்கள் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னரே, மக்குவது, மக்காதது, அபாயமானது என்று மூவகையாகப் பிரித்து வைக்கும்படி வீடுதோறும் சொல்லவேண்டும். நிலமுள்ளவர்கள் தத்தம் கொல்லையில் 3 அடி ஆழத்தில் ஒரு குழியாவது வெட்டி, தெருவில் வாரும் மக்கும் குப்பையை அதில் ஏற்றுக்கொள்ள வேண்டும். கிராம அதிகாரிகள் நீர்நிலைக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் தொலைவிலுள்ள ஓரிடத்தை மக்காத குப்பை சேர்க்கக் குறிப்பிட்டு, அதைத் தவறாமல் அப்புறப்படுத்தவும், இரவில் வண்டியில் கொண்டுவந்து கொட்டுவோரைத் தடுக்கவும் ஏற்பாடு செய்யவேண்டும். வாய்க்கால் ஓரத்தில் கொட்டுகிறவர் கெடுப்பது அடுத்தவருடைய பாசனத்தை மட்டுமன்று. அதே வாய்க்காலில் பாயும் தம் வயலையும் சேர்த்துத்தான்.

தொண்டர்கள் ஒரு நாளைக்கு வருவார்கள். இரண்டு நாளைக்கும் வருவார்கள். மற்ற நாட்களில் ஊரைக் காப்பது குடியானவரின் எருக்குழியே. குப்பை எருவாகிப் பயிரில் பலன் தருவதை ஒரு போகத்தில் கண்ட குடியானவர், அடுத்த போகத்தில் அதைத் தெருவில் எறிய மனம் கொள்ளார்.