எத்தனை? எவ்வளவு? – சமையலறையில் ஓர் ஆங்கிலப் பாடம்



நம் மாலை நேர வகுப்புக்கு வரும் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற மாதம் தன் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். 'மெனி அட்வைசஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்புக் கோடு. "எங்க அம்மா நாலு புத்தி சொன்னாங்க சார். நாலுன்னா பன்மைதானே?" என்று கேட்டாள். பிள்ளை கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். அருகில் நின்ற தாயார், "நான் எட்டாவதோட நின்னவ பாய். இங்கிலீஷை நான் எங்கே சொல்லிக்கொடுக்கிறது?" என்று வருந்தினார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் இரண்டு வகை. எண்ணக்கூடியவை 'கவுண்டபிள்', எண்ண முடியாதவை 'அன்கவுண்டபிள்'. இந்தப் பிரிவு தமிழ் பேசும் நமக்குப் புதிதல்ல. கடைக்காரரிடம் "எத்தனை முட்டை?" என்கிறோம், "எவ்வளவு பால்?" என்கிறோம். "எத்தனை பால்" என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை வருமிடத்தில் ஆங்கிலத்தில் 'ஹவ் மெனி'. எவ்வளவு வருமிடத்தில் 'ஹவ் மச்'. பெரும்பாலான சொற்களுக்கு இந்த ஓர் அளவுகோல் போதும்.

சமைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி விளையாட்டாகக் கேளுங்கள். முட்டை, தக்காளி, கரண்டி, தட்டு: எத்தனை? உப்பு, சர்க்கரை, எண்ணெய், மாவு: எவ்வளவு? முதல் வகைக்கு ஒன்று என்றால் முன்னால் 'எ' அல்லது 'ஆன்' வரும். பலவென்றால் பன்மை வடிவம் வரும். இரண்டாம் வகைக்கு 'எ'யும் இல்லை, பன்மையும் இல்லை. வினையும் 'இஸ்' என்று ஒருமையில்தான் நிற்கும்.

"அரிசியை எண்ணலாமே?" என்று சுட்டிப் பிள்ளை கேட்கும். மணி மணியாக எண்ணலாம்தான். ஆனால் ஆங்கிலம் அரிசியை ஒரு குவியலாகவே பார்க்கிறது. எண்ண வேண்டுமானால் 'எ கிரெய்ன் ஆஃப் ரைஸ்', 'டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்' என்று மணியையோ கிலோவையோ எண்ண வேண்டும். தண்ணீருக்கு 'டூ கிளாசஸ் ஆஃப் வாட்டர்', ரொட்டிக்கு 'டூ ஸ்லைசஸ் ஆஃப் பிரெட்'. பணமும் அப்படியே. 'மணி' எண்ண முடியாத சொல். ரூபாயும் நோட்டும் காசும் எண்ணக்கூடியவை.

நம் பிள்ளைகள் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, தமிழில் "இரண்டு மாம்பழம் வாங்கினேன்" என்றால் சரி, 'கள்' கட்டாயமில்லை. அந்தப் பழக்கத்தில் 'டூ மேங்கோ' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'டூ மேங்கோஸ்' என்றே எழுத வேண்டும்.

இன்னொன்று, அந்த மாணவிக்கு நேர்ந்தது. தகவல்கள், அறிவுரைகள் என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க் ஆகியவற்றுக்குப் பன்மை கிடையாது. இங்கே எத்தனை, எவ்வளவு அளவுகோல் உதவாது. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி மனப்பாடம் செய்ய வையுங்கள். எண்ண வேண்டிய இடத்தில் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று 'பீஸ்' சேர்க்கலாம். ஆறாவதாக 'நியூஸ்' என்பதையும் சேருங்கள். பார்வைக்குப் பன்மைபோல இருந்தாலும் அது ஒருமை. 'தி நியூஸ் இஸ் குட்' என்பதே சரி.

மெனியா, மச்சா என்று குழம்பினால் 'எ லாட் ஆஃப்' என்று எழுதச் சொல்லுங்கள். அது இரண்டு வகைக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு மொழிக்கும் எண்ணும் முறை வேறு. அரபியில் ஒன்றுக்குக் கிதாபுன், இரண்டுக்குக் கிதாபானி, அதற்கு மேல் குதுபுன். இரண்டுக்கென்றே தனி வடிவம்! அதைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இது பெரிய பாரமில்லை. தவறு செய்யும்போது திட்டாமல், "இது தமிழ்க் கணக்கு, ஆங்கிலக் கணக்கு வேறு" என்று சொல்லுங்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது. நாளை ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் இதே தவறு கூடவே போகும்.

மஃரிபுக்குப் பிறகு தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கேள்வி கேட்பதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எத்தனை, எவ்வளவு என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் போதும். சந்தேகம் வரும் சொற்களைக் குறித்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். மாலை வகுப்பில் இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.