பிரதியும் சாவியும்

சினிமா டிஜிட்டலானதைப் பற்றிப் பேசுபவர்கள் படத்தின் துல்லியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பிரதி யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

35 மி.மீ. படச்சுருள் காலத்தில் 'பெட்டி வந்தாச்சு' என்றால் பிரதியே ஊருக்கு வந்துவிட்டது என்று பொருள். நகரங்களில் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்து, கடைசியாகத்தான் டூரிங் கொட்டகைக்கு வரும். அது ஒரு படிநிலை, சந்தேகமில்லை. ஆனால் வந்த பிறகு ஆபரேட்டர் அதில் கைவைக்கலாம். படம் இழுக்கிறதென்றால் ஒரு பாட்டை வெட்டி ஓட்டுவார். அந்த ஊருக்கான பிரதி அங்கே உருவாயிற்று.

இன்று வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ வருவது பூட்டிய கோப்பு. சாவி தனியே வரும். குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே அது செல்லும். கெடு முடிந்தால் கோப்பு திறக்காது. ஓட்டிய காட்சிகளெல்லாம் கருவியில் பதிவாகும். சிற்றூரும் முதல்நாளே படம் பார்க்கிறது, வாஸ்தவம். படிநிலை காலத்திலிருந்து சாவிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்காகத் தொழில்நுட்பத்தைத் திட்ட வேண்டியதில்லை. பூட்டில்லாத ஒரு கோப்பும் வாடகை ப்ரொஜெக்டரும் இருந்தால் ஆவணப்படத்தைத் தெருவிலேயே திரையிட்டுவிடலாம், 16 மி.மீ. காலத்தில் அது லேசில் நடக்கிற காரியமா? ஆகவே நாம் விவாதிக்க வேண்டியது டிஜிட்டலை அல்ல, பூட்டை.