நிலைக்குறி சுழல் துப்பாக்கிகளில் முன் குறிநோக்கி மாற்றம்

முன் குறிநோக்கி மாற்றம் என்பது, நகர்த்த இயலாத குறிநோக்கிகளை உடைய சுழல் துப்பாக்கியில் (ரிவால்வரில்), தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட முன் குறிநோக்கியைத் திருத்துவதையோ, அதற்குப் பதிலாகக் கண்ணுக்கு எளிதில் புலப்படும் வேறொன்றைப் பொருத்துவதையோ குறிக்கும். இதற்கான பாகங்களைத் துப்பாக்கி உற்பத்தியாளர் அல்லாத பிற நிறுவனங்களும் விற்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழக்கம் பரவலாக உள்ளது. பார்வைத் தெளிவுக்காகச் செய்யப்படும் இம்மாற்றம் குண்டு படும் இடத்தையும் மாற்றிவிடக் கூடும்.

அமைப்பு

குழலின் முனையில் நிற்கும் சிறு தகடே முன் குறிநோக்கி ஆகும். பின் குறிநோக்கி தனி உறுப்பன்று. உருளைக்கு மேலே செல்லும் சட்டகப் பட்டையில் வெட்டப்பட்ட நீண்ட பள்ளமே அது. 1873இல் வெளிவந்த கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மி, 1899இல் வெளிவந்த ஸ்மித் அன்ட் வெசன் மிலிட்டரி அன்ட் போலீஸ் (பின்னாளில் மாடல் 10) ஆகியன இவ்வமைப்பிற்குப் பெயர் பெற்றவை. இவ்வமைப்பு எளிதில் உடையாது, உடையில் சிக்காது. ஆனால் பள்ளத்தை நகர்த்த முடியாததால், திருத்தம் செய்ய முன் குறிநோக்கி ஒன்றே எஞ்சுகிறது.

மாற்றுவதற்கான காரணங்கள்

குறி பார்க்கும்போது கண் முன் குறிநோக்கியின் மீது குவிய வேண்டும். துப்பாக்கியின் நிறத்திலேயே உள்ள தகடு, கருமையான இலக்கின் மீதும் மங்கிய ஒளியிலும் மறைந்துவிடும். வெள்ளெழுத்து தோன்றிய பின்னர், கை நீளத் தொலைவில் உள்ள மெல்லிய தகடு மேலும் மங்கலாகத் தெரியும்.

வகைகள்

* வண்ணப்பூச்சு: வெள்ளை அல்லது பளிச்சிடும் செம்மஞ்சள் பூசுதல். செலவு மிகக் குறைவு, உயரம் மாறாது, விரும்பினால் அழித்துவிடலாம்.
* உலோக மணி: தகட்டில் பதிக்கப்படும் பித்தளை அல்லது பொன்னிற மணி. மிகப் பழைய முறை.
* ஒளியிழை: சுற்றுப்புற ஒளியை வாங்கி முனையில் ஒளிரும் நெகிழி இழை. பகலில் மிகத் தெளிவானது; இருளில் பயனற்றது. எளிதில் முறியக்கூடும்.
* டிரிட்டியம்: சிறு கண்ணாடிக் குமிழில் அடைக்கப்பட்ட கதிரியக்க வாயு, ஒளிர்பொருளைத் தூண்டி இருளில் ஒளி தருகிறது. டிரிட்டியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 12.3 ஆண்டுகள் என்பதால், ஒளி ஆண்டுதோறும் மங்கும்.
* பெரும்புள்ளி: அகன்ற வெண்ணிற வட்டம். அண்மை இலக்குகளை விரைந்து குறிபார்க்க உதவும். குறுகிய பள்ளத்தை இது முழுவதும் அடைத்துவிட்டால், இருபுறமும் ஒளியிடைவெளி தெரியாது; நுட்பமாகக் குறிபார்த்தல் கடினமாகும்.

பொருத்தப்படும் விதம்

2009இல் அறிமுகமான ரூகர் எல்சிஆர் போன்றவற்றில் முன் குறிநோக்கி ஒரு சிறு ஊசியால் பிணைக்கப்பட்டுள்ளது. ஊசியைத் தட்டி நீக்கினால் அதனை மாற்றலாம். சிலவற்றில் அது புறாவால் வடிவப் பள்ளத்தில் செருகப்பட்டிருக்கும்; இதனைப் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தகடும் குழலும் ஒரே உலோகமாக இருக்கும். அவற்றில் தகட்டை வெட்டிப் புதியதைப் பொருத்துவது தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரின் பணி.

உயரமும் குண்டு படும் இடமும்

முன் குறிநோக்கி உயர்ந்தால் குண்டு தாழப் படும். தாழ்ந்தால் உயரப் படும். பக்கவாட்டிலும், குண்டு செல்ல வேண்டிய திசைக்கு எதிர்த்திசையிலேயே முன் குறிநோக்கியை நகர்த்த வேண்டும். தேவையான உயர மாற்றத்தைப் பின்வருமாறு கணிக்கலாம்:

உயர மாற்றம் = (குண்டு விலகிய அளவு × குறிநோக்கிகளின் இடைத்தொலைவு) ÷ இலக்கின் தொலைவு

எடுத்துக்காட்டாக, இடைத்தொலைவு 100 மி.மீ. உள்ள துப்பாக்கி, 10 மீட்டரில் 50 மி.மீ. தாழச் சுடுமாயின், முன் குறிநோக்கியை 0.5 மி.மீ. குறைக்க வேண்டும். குறுங்குழல் துப்பாக்கிகளில் அரை மில்லிமீட்டரும் பெரிய வேறுபாடே.

குண்டின் எடையும் கருதத்தக்கது. எடை மிக்க குண்டு மெதுவாகக் குழலைக் கடப்பதால், பின்னுதைப்பில் குழல் மேலும் சற்று உயர்ந்த பின்னரே வெளியேறுகிறது. ஆகவே உயரப் படுகிறது. .38 ஸ்பெஷல் துப்பாக்கிகள் பல 158 கிரெய்ன் (சுமார் 10.2 கிராம்) குண்டுக்கு ஏற்பவே அமைக்கப்பட்டன. எனவே தகட்டை அராவுவதற்கு முன், வேறு எடையுள்ள குண்டைச் சுட்டுப் பார்ப்பது நன்று. அராவி நீக்கிய உலோகத்தை எளிதில் திரும்பச் சேர்க்க இயலாது.

எந்த மாற்றத்தைத் தொடங்கும் முன்னும் உருளையின் அனைத்து அறைகளும் காலியாக உள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும். மாற்றிய பின், பயன்படுத்தவுள்ள அதே தோட்டாவைக் கொண்டு சுடுதளத்தில் சோதித்தறிய வேண்டும்.