ஒரு கம்பி அறுந்தால் எல்லா அழைப்பும் தடுமாற வேண்டுமா?

பாகான் செராய் - தோட்டத்து வீட்டிலிருந்து பாட்டி, கோலாலம்பூரில் இருக்கும் பேரனோடு காணொளி அழைப்பில் பேசுகிறார். அதே நேரத்தில் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் கைப்பேசியில் வங்கிக்குப் பணம் செலுத்துகிறார். வழியில் எங்கோ ஒரு கம்பி அறுகிறது. இருவரின் தரவும் அந்தக் கம்பியில் போகவில்லை. ஆனாலும் இருவரின் வேலையும் தடைபடலாம். காரணம், ஒரு சின்ன வகுத்தல் கணக்கு.

இணையத் தரவைத் திசை பிரித்து அனுப்பும் கருவியின் பெயர் சுவிட்ச். பெரிய நிலையங்களில் ஒரு சுவிட்சிலிருந்து பல கம்பிகள் புறப்படும். ஓர் அழைப்பின் தரவு துண்டு துண்டாகப் பயணம் செய்கிறது. துண்டுகள் முன்பின்னாக மாறி வராதிருக்க, எல்லாம் ஒரே கம்பியில் அனுப்பப்படும். அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளிலிருந்து சுவிட்ச் ஓர் எண்ணை உருவாக்கி, அதைக் கம்பிகளின் எண்ணிக்கையால் வகுக்கும். மீதி எதுவோ, அதுவே கம்பியின் எண்.

பள்ளி வேனை வைத்துப் பார்ப்போம். 0 முதல் 11 வரை எண் பெற்ற 12 பிள்ளைகள். 0 முதல் 3 வரை எண் பெற்ற 4 வேன்கள். பிள்ளையின் எண்ணை 4-ஆல் வகுத்து வரும் மீதிதான் அவர் ஏறும் வேன். 3-ஆம் எண் வேன் பழுதானால் அதில் வரும் 3 பிள்ளைகளுக்கு மட்டுமே வேறு வேன் தேவை. ஆனால் கணக்கை 3-ஆல் வகுத்துப் புதிதாகப் போட்டால் 9 பிள்ளைகள் வேன் மாறுவார்கள். 6 பேருக்கு வீண் அலைச்சல்.

இணையத்திலும் இதே கதைதான். கம்பி மாறும்போது துண்டுகளின் வரிசை குலைந்து அழைப்பு திக்கலாம். ஒவ்வொரு கம்பியும் வெவ்வேறு கணினிக்குப் போனால், பாதியில் வந்த வங்கிப் பரிமாற்றத்தைப் புதிய கணினி அறியாது; இணைப்பே அறுந்துவிடும்.

இதற்குத் தீர்வு 'ரெசிலியண்ட் ஹேஷிங்'. இதில் வகுக்கும் எண் மாறுவதே இல்லை. 12 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேனின் பெயரை எழுதுகிறார்கள். வேன் பழுதானால் அதன் பெயருள்ள 3 கட்டங்கள் மட்டும் திருத்தப்படும். மற்ற 9 பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். இதற்கு நெருங்கிய ஒரு முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் கார்கரும் சக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்டனர்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2006 டிசம்பர் 26-இல் தைவான் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தில் கடலடிக் கம்பிகள் பல அறுந்தன. மலேசியாவிலும் இணையம் மந்தமானது. மிஞ்சிய கம்பிகளில் இடம் போதாவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது.

வீட்டுக்கு வருவதோ பெரும்பாலும் ஒரே கம்பி. அது அறுந்தால் மாற்றுவழி சுவிட்சில் இல்லை. அவசரத்திற்குக் கைப்பேசித் தரவைக் கையிருப்பில் வைத்திருப்பதே நம் வீட்டின் இரண்டாவது வேன்.